முதற்படியில் அமர்பவர்

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒரு செய்தி தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பெண், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றிருந்தார். மலையாளி எனப்படும் பழங்குடியினத்தைச் சேர்ந்தவர். தமிழகப் பழங்குடிப் பெண்களுள் இப்பதவிக்குத் தேர்வான முதல் பெண் இவரே என்று செய்தித்தாள்கள் எழுதின. முதலமைச்சர் வாழ்த்தினார். ஊரார் மேளதாளத்தோடு வரவேற்றனர்.

செய்திகள் அனைத்தும் ஒரு நிகழ்ச்சியையே முன்னிறுத்தின. 2023 நவம்பரில் முதன்மைத் தேர்வு நடந்தபோது அவருக்குக் குழந்தை பிறந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. அந்த உடல்நிலையில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குக் காரில் சென்று தேர்வெழுதித் திரும்பினார். கேட்டவர் நெஞ்சைத் தொடும் செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பயணத்தைப் பற்றி நாம் பேசிய அளவில் நூற்றில் ஒரு பங்கேனும் அவர் ஏற்கவிருந்த பணியைப் பற்றிப் பேசினோமா? உரிமையியல் நீதிபதி என்பவர் யார், என்ன செய்கிறார், அவர் செய்வது பிழைத்தால் யாருக்கு என்ன ஆகும்? இவற்றை அறியாமல் 'முதல் பெண்' என்று கொண்டாடுவது, ஏறியவரின் காலை மட்டும் புகழ்ந்து ஏறிய மலையைப் பாராதிருப்பதற்கு ஒப்பாகும். ஆகவே அந்தப் பணியைப் பற்றியும் அம்மலையைப் பற்றியும் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

உயர்நீதிமன்ற நீதியரசர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவர்தம் தீர்ப்புகள் மறுநாளே அச்சேறுகின்றன. வட்டத் தலைநகரில் வாடகைக் கட்டடத்திலோ பழைய ஓட்டுக் கட்டடத்திலோ அமர்ந்திருக்கும் முன்சீஃபின் பெயரை அவ்வூர்க்காரரே அறியார். ஆனால் நம் நாட்டில் நீதிமன்றத்தின் முகத்தை மக்களுள் மிகப் பெரும்பாலோர் காண்பது அங்கேதான். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, கடன் பத்திரம், வழிநடைப் பாதை, காசோலை வழக்கு, ஜீவனாம்சம், அடிதடி எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் அது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் உரிமையியல் வழக்கையும் குற்றவியல் வழக்கையும் ஒருவரே விசாரிக்கும் நீதிமன்றங்கள் உள்ளன. காலையில் நிலத்தகராறு, பிற்பகலில் ரிமாண்டு என்று அவர் நாள் கழியும்.

இப்பணியின் கனம் வேறோரிடத்தில் இருக்கிறது. சாட்சியை நேரில் கண்டு கேட்பவர் விசாரணை நீதிபதி ஒருவரே. மேல்முறையீட்டில் அமர்பவர்கள் பெரும்பாலும் காகிதத்தைத்தான் படிக்கிறார்கள். சாட்சி எவ்விடத்தில் தயங்கினார், எக்கேள்விக்குத் தலை குனிந்தார், எப்போது குரல் உடைந்தது என்பன காகிதத்தில் எளிதில் ஏறுவதில்லை. இதை உணர்ந்துதான் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், சாட்சி சொல்லும்போது ஒருவர் நடந்துகொள்ளும் முறை குறிக்கத்தக்கதாக இருந்தால் நீதிபதி அதையும் எழுதி வைக்கலாம் என்று ஒரு விதி செய்திருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் கருத்தூன்றத்தக்க சட்டப் பிரச்சினையை மட்டுமே ஆராயும். 'இந்த வரப்பு இங்கேதான் இருந்ததா' என்ற கேள்வியை மீண்டும் கிளறுவதில்லை. நடந்தது என்ன என்பதைக் கீழ் மன்றங்களே முடிவு செய்கின்றன. அடித்தளத்தில் ஒரு கல் கோணியிருந்தால் மேல்மாடியிலிருந்து அதை நிமிர்த்துவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் முதற்படியில் தவறாகப் பதிவான ஓர் உண்மையைப் பின்னர்த் திருத்துவது.

இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. நம் மரபில் இரண்டு அவைகள் உள்ளன. ஒன்று சிலப்பதிகாரத்து மதுரை. அங்கே பொற்கொல்லன் சொல் ஒன்றே சாட்சி. கோவலனை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரசனுக்கு விசாரணை என்பதே நினைவுக்கு வந்தது கண்ணகி வாயிலில் வந்து நின்ற பிறகுதான். சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று அப்போது கேட்கப்பட்ட ஒரு கேள்வியை முன்னரே கேட்டிருந்தால் ஒரு நகரம் எரிந்திராது. பாண்டியன் கொடியவன் என்று இளங்கோ எங்கும் சொல்லவில்லை. அவன் கேட்கத் தவறினான், அவ்வளவே. அந்தத் தவறு ஓர் உயிரை வாங்கியது.

மற்றொன்று சேக்கிழார் காட்டும் திருவெண்ணெய்நல்லூர். திருமணப் பந்தலில் புகுந்த கிழவர் சுந்தரரைத் தம் அடிமை என்கிறார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு அவைக்கு வருகிறது. அவையத்தார் கிழவரிடம் நீண்டநாள் வழக்கம், ஆவணம், பிறர் கண்ட சாட்சி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றால் மெய்ப்பிக்கச் சொல்கிறார்கள். கிழிந்தது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கிழவர் சொல்ல, இம்முறை யாரும் அதைப் பறிக்காதபடி பார்த்துக்கொண்டு அவை அதைப் படிக்கச் செய்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. பாட்டனின் கையெழுத்து, காப்பில் வைக்கப்பட்டிருந்த வேறோர் ஓலையுடன் ஒத்துப் பார்க்கப்படுகிறது. அதன் பிறகே தீர்ப்பு. நீதிமன்றம் தானே கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 73ஆம் பிரிவில் சொன்னதை, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியம் ஒரு காட்சியாகவே வரைந்து வைத்திருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் இறைவனே என்றாலும் ஆவணம் காட்டாமல் வெல்ல முடியாது என்பதுதான் அவ்வவையின் பெருமை. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் ஆராய்தலிலிருந்துதான் தொடங்குகிறது. இரக்கமும் தண்டனையும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இனி மலைக்கு வருவோம். ஜவ்வாது மலைத்தொடர் இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர், வட்டத் தலைநகர். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. செய்யாறு இம்மலையில்தான் பிறக்கிறது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் நன்னனின் செங்கண்மாவுக்குக் கூத்தரை வழிப்படுத்தும்போது சொல்லும் சேயாறு இதுவே. செங்கண்மா இன்றைய செங்கம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டு, வழிநெடுகத் தினையும் தேனும் தந்து விருந்து செய்யும் குறவர் குடிகளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னர் அம்மலைச்சரிவில் இருந்தவர்களும் இன்றிருப்பவர்களும் ஒரே குடியினர் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றைய மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்றே கதை சொல்கின்றனர். 'மலையாளி' என்ற பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியவர் இவரே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். சாமை விதைத்து, தேனும் கடுக்காயும் சேர்த்து, மழை பொய்த்த ஆண்டுகளில் கீழ்நாட்டுக்கு வேலை தேடி இறங்கும் வாழ்க்கை.

இம்மக்களுக்கு நீதிமன்றம் என்பது நெடுங்காலம் கீழே இறங்கிப் போகவேண்டிய இடமாகவே இருந்தது. இறங்கியவர்களும் வாதியாக இறங்கியது குறைவு. கூண்டில் நிற்க இறங்கியதே மிகுதி. சந்தனம் இருந்த மலையில் பிறந்தவர்மேல் சந்தனத் திருட்டு என்ற ஐயம் பிறப்போடு வந்து ஒட்டிக்கொண்டது. சந்தனம் அருகிய பின்னர் ஆந்திரத்துச் செம்மரம் அவ்விடத்தைப் பிடித்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் இறந்த இருபது பேரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள்; ஜவ்வாது மலைக்காரரும் அவர்களுள் இருந்தனர். அதற்கு முன்பு 2013 டிசம்பரில் அதே காட்டில் இரு வனத்துறையினர் கொல்லப்பட்ட வழக்கில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழகக் கூலியாட்கள் கைதானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடந்தபின், 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. தெலுங்கு அறியாத மலைக்காரன், தெலுங்கில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையின் கீழ், மொழி புரியாத மன்றத்தில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அவனை விடுவித்ததும் ஒரு விசாரணை நீதிமன்றமே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

விசாரணை நீதிமன்றம் என்ன செய்யவல்லது என்பதற்கு இம்மக்களின் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய சான்று உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியும் மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர், ஊராரே திருடர் என்று சிறையிலடைக்கப்பட்டனர். அரசு இயந்திரம் முழுவதும் மறுத்தது. உயர்நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போனது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் வந்து நின்று, எந்த அதிகாரிகளைக் கண்டு நடுங்கினார்களோ அவர்களையே கைநீட்டி அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று நீதிபதி குமரகுரு தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்டோரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர்நீதிமன்ற நீதியரசர் வேல்முருகன் அத்தீர்ப்பை உறுதி செய்தார். தீர்ப்புக்கு முன்னர் அவர் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பத்தொன்பது ஆண்டுகள் தாமதம் என்று நாம் வருந்துவது நியாயமே. எனினும் அத்தீர்ப்பு நின்றது எதனால்? எழுத்தறியாத பெண்களின் சொல்லை, நாள் தவறினாலும் நேரம் தவறினாலும், அடிப்படையில் உண்மை என்று ஏற்றுப் பதிவு செய்ய ஒரு மாவட்ட நீதிபதி அங்கே இருந்தார். 'கேட்டல்' என்ற சொல்லுக்குச் செவியால் கேட்பது, வினவுவது என்று தமிழில் இரு பொருளும் உண்டு. விசாரணை நீதிபதியின் பணி இவ்விரண்டும் சேர்ந்தது.

கேட்பதற்கு மொழி வேண்டும். இங்கே தமிழ் இலக்கிய வரலாறு ஒரு முன்சீஃபை நம் முன் நிறுத்துகிறது. தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீஃபாக இருந்தவர். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றியவர். 1879இல் அச்சான அந்நாவலை நாம் பாடமாகப் படிக்கிறோம். அவர் செய்த மற்றொரு பணியை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் கிடந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் திரட்டி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தம் முன் நிற்பவனுக்குத் தன் வழக்கு என்ன ஆயிற்று என்று புரியவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அக்கவலையே நாவலுக்குள்ளும் புகுந்து, நீதிமன்றங்களில் தமிழ் வழங்கவேண்டும் என்று வாதாடுகிறது. உரைநடையில் நமக்கு ஒரு புதிய வடிவத்தைத் தந்தவர், நாள்தோறும் சாட்சிகளின் பேச்சைக் கேட்டு எழுதிய கையையுடையவர் என்பது தற்செயலா என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு.

இன்று விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதியப்படுகிறது. தீர்ப்பும் தமிழில் எழுதலாம். 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழிகோலியது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் இயற்றிய தீர்மானம் நிறைவேறவில்லை. ஆகவே ஒரு மலைக்கிழவி சொல்லும் சொல், தன் மொழியில் தன்னைக் கேட்கும் ஒருவர் முன் நிற்பது முதற்படியில் மட்டுமே. அதற்கு மேல் அது மொழிபெயர்ப்பு. அவள் 'எங்க பங்காளி உழுதுகினு இருந்தாரு' என்று சொன்னால், அந்தப் 'பங்காளி' உடன்பிறந்தவனா, ஒரே குலத்தைச் சேர்ந்தவனா என்பதில் ஒரு நிலத்தின் உரிமையே தங்கியிருக்கலாம். அதை அவ்விடத்திலேயே மறுபடி ஒரு கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்திப் பதியவேண்டியவர் அந்த முன்சீஃப்தான்.

இதனால்தான் ஸ்ரீபதியைப் பற்றிய செய்திகளுள் பலர் கவனியாது விட்ட ஒரு குறிப்பு நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்ற ஏற்பாட்டின் வழியாக அவர் தேர்வானார் என்று முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தி சொன்னது. 2010இல் சட்டமான அந்த ஏற்பாடு நூற்றுக்கு இருபது இடங்களை அவர்களுக்கென ஒதுக்குகிறது. 'தமிழில் படித்து என்ன கிடைக்கும்' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு, நீதிபதி இருக்கை ஒன்று கிடைத்தது என்று சொல்ல இப்போது முடிகிறது.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பழங்குடியிலிருந்து வந்த நீதிபதி பழங்குடிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பார் என்று நாம் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்ப்பதும் தவறு. அவர் ஜவ்வாது மலையில் அமரப்போவதும் இல்லை. நீதிபதிகளைச் சொந்த ஊரில் நியமிப்பது வழக்கமன்று; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றமும் உண்டு. தஞ்சையில் வாய்க்கால் தகராறும் கோவையில் காசோலை வழக்கும் சிவகாசியில் சொத்து வழக்குமாக அவர் காலம் போகலாம். அப்படியானால் மலையில் பிறந்ததால் என்ன பயன்? ஒரு பயன் உண்டு என்று நினைக்கிறோம். அதிகாரியின் முன் வாய்மூடி நிற்பவர் குற்றத்தால்தான் நிற்கிறார் என்று சிலர் கொள்வர். அச்சத்தாலும் நிற்கலாம், பழக்கத்தாலும் நிற்கலாம், கேள்வி புரியாமலும் நிற்கலாம் என்பது அத்தகையவரிடையே வளர்ந்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த அறிவு எந்த ஊர் மன்றத்திலும், எந்தச் சாதியார் வழக்கிலும் உதவும்.

பணியின் நீளத்தையும் பார்க்கவேண்டும். உரிமையியல் நீதிபதியாகத் தொடங்குபவர் முதுநிலை உரிமையியல் நீதிபதியாகி, பின்னர் மாவட்ட நீதிபதியாகலாம். சிலர் உயர்நீதிமன்றத்துக்கும் செல்வர். 1937இல் திருவிதாங்கூரில் முன்சீஃபாகப் பொறுப்பேற்ற அன்னா சாண்டி 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் அப்பதவியேற்ற முதல் பெண்மணி அவர். ஜவ்வாது மலைக்குக் கீழேயே இன்னொரு சான்று உண்டு. ஊத்தங்கரையில் பிறந்த ஆர். பானுமதி, 1981இல் வழக்கறிஞராகப் பதிந்து திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் தொழில் செய்து, 1988இல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வு பெற்று, 2003இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார். 23 வயதில் தொடங்குபவருக்கு முன்னே ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அவ்வளவு காலமும் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது. பழகிய வழக்கறிஞர் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்கும் யோசிக்கவேண்டும். ஊரில் இருந்துகொண்டே ஊராரிடமிருந்து ஒதுங்கியிருக்கவேண்டும். எழுதுவது முழுவதும் தீர்ப்பு. வாசகர் இருவர், வென்றவரும் தோற்றவரும்.

இப்படி ஒருவர் ஏறிய படி, அவருக்குப் பின்னால் வருவோர்க்கும் இருக்குமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், உரிமையியல் நீதிபதித் தேர்வெழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இது முற்றிலும் புதிதன்று. 1993இல் இருந்த நிபந்தனை இது. திறமையான இளைஞர் இப்பணிக்கு வரவில்லை என்ற காரணத்தால் 2002இல் நீக்கப்பட்டது. இப்போது மீண்டும் வந்தது. தமிழ்நாட்டில் புதிதாகச் சட்டம் முடித்தவர்களுக்கென்று இருந்த தனிவாயில் வழியே 23 வயதில் ஒருவர் தேர்வாவது, அத்தீர்ப்பின்படி இனி இயலாது. அறிவிக்கை வெளியான தேர்வுகளை மட்டும் அது தொடவில்லை.

தீர்ப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. நீதிமன்றத்தைப் பார்க்காத இளைஞர் முதல் நாளே மேடையில் அமர்ந்து மனிதரின் உயிரையும் உடைமையையும் பற்றி முடிவெடுப்பதில் இடர் உண்டு என்று பல உயர்நீதிமன்றங்கள் தம் அனுபவத்திலிருந்து சொல்லியிருந்தன. கோவலன் கதை படித்த நாம் அதை எளிதில் தள்ள முடியாது. வழக்கறிஞராகக் கீழ் வரிசையில் நின்று ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவருக்குத் தெரியும் சில நுட்பங்கள் புத்தகத்தில் இல்லை. பானுமதி அவர்கள் மாவட்ட நீதிபதியானது ஏழாண்டுத் தொழிலுக்குப் பிறகே என்பதும் நினைவில் வருகிறது.

ஆனால் அந்த மூன்று ஆண்டுகளை யார் எப்படிக் கழிப்பார்? நகரத்தில் வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது தந்தையின் அலுவலகத்தில் கழியும் பயிற்சிக்காலம். மலையிலிருந்து இறங்கி வந்தவருக்கு அது வாடகை, பேருந்துக் கட்டணம், கறுப்பு அங்கி, மதியச் சோறு. முதுநிலை வழக்கறிஞர் பலர் இளையோர்க்குக் கொடுப்பது வழிச்செலவுக்கே போதாது என்பது ஊரறிந்த செய்தி. தமிழக அரசு 2020இல் தொடங்கிய திட்டம், இளம் வழக்கறிஞர்க்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தந்தது. நகரத்தில் 20,000, ஊரகத்தில் 15,000 ரூபாயேனும் இளையோர்க்குத் தரவேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் 2024இல் அறிவுறுத்தியது. அது அறிவுரை, கட்டாயமன்று. படிக்கும்போதே மணமாகி, கைக்குழந்தையோடு தேர்வெழுதும் ஒரு பெண்ணுக்கு மூன்றாண்டு என்பது சில வேளைகளில் 'எப்போதும் இல்லை' என்பதன் மறுபெயர்.

அனுபவம் வேண்டும் என்பது நியாயம். அதை ஈட்ட வசதியில்லாதவரை வாயிலிலேயே நிறுத்துவது நியாயமன்று. இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியவை உள்ளன. நீதியரசர்களிடம் சட்ட எழுத்தராகப் பணிபுரியும் காலமும் அனுபவமாகக் கொள்ளப்படும் என்று அத்தீர்ப்பே சொல்கிறது. ஊதியமுள்ள அவ்விடங்களில் ஒரு பங்கைப் பழங்குடி, பட்டியலின மாணவர்க்குத் திறந்துவிடலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களில் ஊதியத்தோடு கூடிய பயிற்சி இடங்கள் அமைக்கலாம். வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் மலையூர்களில் மனு எழுதித் தரவும் சாதிச் சான்றிதழ் வழக்குகளைக் கவனிக்கவும் அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அப்படிச் செய்தால் அந்த மூன்று ஆண்டுகளும் மலைக்கே திரும்பிப் பயன்படும். செய்யாவிட்டால், 2024இல் நாம் 'முதல் பெண்' என்று எழுதிய தலைப்புக்கு 'இரண்டாவது பெண்' என்ற தொடர்ச்சி நெடுங்காலம் வராமற்போகலாம்.

முதற்படி நீதிமன்றங்களில் இன்றும் வழக்குக்காரரின் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட பெயருக்கு உரியவர் வராந்தாவின் மூலையிலிருந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறார். அவர் எவ்வூரார் என்பது அங்கே பொருட்டன்று. அவர் சொல்வதை முழுவதும் கேட்க மேலே ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்பது ஒன்றே பொருட்டு. அப்படி அமரத் தகுந்தவர் எந்த மலையிலிருந்தும் வரலாம். வருவதற்குப் பாதை இருக்கவேண்டும்.